பஸ்ல வர்ற பிள்ளைங்களும் அந்த 0.97ம்

"மேம், 0.97 வந்துருச்சு!"

செவ்வாய்க்கிழமை மத்தியானம். லேப்ல கடைசி வரிசையிலேர்ந்து வந்த குரல். முதல் வருஷம் பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிற பொண்ணு. பேர் வேண்டாம். அவகிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன்.

விஷயம் இதுதான். வகுப்புல 52 பேர். ஒவ்வொருத்தரும் காலேஜுக்கு வர எத்தனை நிமிஷம் பஸ்ல இருக்காங்கன்னு அவளே ஒரு வாரமா கேட்டுக் கேட்டு எழுதி வெச்சிருந்தா. அதுக்குப் பக்கத்துல முதல் இன்டர்னல் மார்க். ரெண்டுக்கும் கோரிலேஷன் (பாடப்புத்தகத்துல ஒட்டுறவுக் கெழு) எவ்ளோன்னு பாக்கணும். நான் கொடுத்த தலைப்பு இல்ல, அவளே எடுத்தது. தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ல வர்ற பொண்ணு, அவளுக்குத் தெரிஞ்சுக்க ஆசை.

0.97ன்னா சும்மா இல்லீங்க. 1தான் உச்சம். பஸ்ல எவ்ளோ நேரம் அதிகமா வர்றாங்களோ அவ்ளோ மார்க் அதிகம், அதுவும் கோடு போட்ட மாதிரின்னு அர்த்தம்.

எழுந்து போய் திரையைப் பாத்தேன். பேர், நிமிஷம், மார்க். மூணு காலம். (நேரம் காலம் இல்ல, நெடுவரிசை. லேப்ல யாரும் நெடுவரிசைன்னு சொல்றதில்ல, அதனால இங்கயும் காலம்னே வெச்சுக்கறேன்.)

"இதுல உன் வரிசை எங்கம்மா இருக்கு?"

தேடினா. அவ பேருக்கு நேரா 25 நிமிஷம், 31 மார்க்.

"மேம், எனக்கு 31 இல்ல மேம். 48. பஸ்ஸும் 25 நிமிஷம் இல்லயே..."

ஒரு பத்து செகண்ட் அப்படியே திரையைப் பாத்துட்டு இருந்தா. அப்புறம் தலையில கை வெச்சுக்கிட்டு, "ஸார்ட் பண்ணிட்டேன் மேம். தனித்தனியா பண்ணிட்டேன்."

இருபது வருஷமா கரும்பலகையில கோரிலேஷன் நடத்துறேன். அந்தப் பத்து செகண்ட்ல அவளுக்குப் புரிஞ்ச அளவுக்கு ஒரு வகுப்புலயும் நான் புரிய வெச்சது கிடையாது. வீட்டுக்கு வந்தும் அந்த சந்தோஷம் அடங்கலை. அதான் இந்தப் பதிவு.

என்ன நடந்துச்சுன்னு நீங்களும் பாக்கணும்னா, ஒரு ஷீட்டைத் திறந்து இந்த அஞ்சு பேரை மட்டும் போடுங்க. எக்செல், லிப்ரேஆஃபீஸ், போன்ல கூகுள் ஷீட்ஸ், எதுவானாலும் சரி.

பஸ் நிமிஷம்: 88, 70, 80, 92, 75
மார்க்: 42, 55, 61, 48, 74

இப்படியே கோரிலேஷன் பாத்தா -0.64 வரும். அதாவது இந்த அஞ்சு பேரைப் பொறுத்தவரை, பயணம் நீள நீள மார்க் குறையுது. இப்போ நிமிஷக் காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, சின்னதுலேர்ந்து பெருசா அடுக்குங்க. எக்செல் நடுவுல ஒரு கேள்வி கேக்கும்: பக்கத்துல இருக்கறதையும் சேத்து அடுக்கவா, இதை மட்டும் அடுக்கவா? "இதை மட்டும்"னு சொல்லுங்க. (பொண்ணு அதைத்தான் சொல்லியிருக்கா. அவசரத்துல முக்காவாசிப் பேர் அதைப் படிக்கறதே இல்ல.) அடுத்து மார்க் காலத்தையும் அதே மாதிரி தனியா அடுக்குங்க.

இப்போ கோரிலேஷன் 0.97.

மைனஸ் போயிடுச்சு. பஸ்ல கஷ்டப்பட்டு வந்தா மார்க் குறையும்னு சொன்ன அதே எண்கள், இப்போ பஸ்ல வந்தா மார்க் கொட்டும்னு சொல்லுது. ஆனா சராசரியைப் பாருங்க. முன்னாடியும் 81 நிமிஷம், இப்பவும் 81 நிமிஷம். மார்க் சராசரி முன்னாடியும் 56, இப்பவும் 56. எஸ்.டி.யும் (திட்ட விலக்கம்) இம்மி நகரலை. ஒரு எண் கூட மாறலை, தொலையலை. மாறினது ஒண்ணே ஒண்ணு: எந்த நிமிஷம் எந்த மார்க்குக்குச் சொந்தம்ங்கறது.

கோரிலேஷன் அந்தச் சொந்தத்துலதான் இருக்கு. எண்கள்ல இல்ல, ஜோடியில இருக்கு. இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை வகுப்புல சொல்லியிருப்பேன்! தலையாட்டுவாங்க, நோட்டுல எழுதுவாங்க. தன் பேருக்கு நேரா வேற யாரோட மார்க்கோ நிக்கறதைப் பாத்தாத்தான் அது உள்ள இறங்குது.

ஸ்ப்ரெட்ஷீட்டை நான் விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கறதுக்குக் காரணமே இதுதான். "கம்ப்யூட்டர்ல போட்டா சீக்கிரம் விடை வரும்ல"ன்னு சொல்லுவாங்க. சீக்கிரம் வர்ற விடையால ஒரு பிரயோஜனமும் இல்ல. எண்ணைத் தொட்டு மாத்தினா அடுத்த கணமே மத்ததெல்லாம் எப்படி நகருதுன்னு கண்ணால பாக்க முடியுது பாருங்க, அதுக்காகத்தான். இந்த நினைப்பு ஒண்ணும் புதுசில்ல. 1979ல டேன் பிரிக்ளினும் பாப் ஃப்ராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு விசிகால்க் செஞ்சாங்களே, அப்பவே அதோட உயிர் இதுல இருந்துச்சு: ஒரு செல்லை மாத்தினா, அதை நம்பியிருக்கற செல் எல்லாம் தானா மாறும்.

ஆனா ஆரம்பத்துல நான் அப்படி நடத்தலை.

முதல் ரெண்டு வருஷம் லேப்ல நான் பண்ணினது என்னன்னா, ஃபங்ஷன் பேரா சொல்லிக்கிட்டே போறது. சராசரிக்கு ஆவரேஜ், எழுதிக்கோங்க. இடைநிலைக்கு மீடியன், எழுதிக்கோங்க. எஸ்.டி.க்கு எஸ்டிடெவ். அப்புறம் டேட்டா அனாலிசிஸ் டூல்பேக்கை ஆன் பண்ணி, ஒரு பட்டனைத் தட்டினா பத்துப் பதினஞ்சு அளவு வரிசையா வந்து விழும், அதை ரெக்கார்டு நோட்டுல ஒட்டணும். பிராக்டிகல் தேர்வுல எல்லாருக்கும் நல்ல மார்க். எஸ்.டி. 12.34908904னு எட்டு தசம இடத்துக்கு எழுதியிருப்பாங்க. அஞ்சு பேரோட மார்க்குக்கு எட்டு தசம இடம்!

ஒரு பையன் வைவால மாட்டிக்கிட்டான். "இந்த 12 என்ன சொல்லுதுப்பா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு உண்மையைச் சொன்னான்: "என்டர் தட்டினேன் மேம், வந்துச்சு."

அவன் மேல தப்பே இல்ல. என்டர் தட்டத்தான் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அதுக்கப்புறம் முதல் செமஸ்டர்ல டூல்பேக்குக்குத் தடை. காரணம் ஒண்ணுதான்: அது கொட்டுற எண்கள் உயிரில்லாத எண்கள். மேல டேட்டாவுல 74ஐ 94ஆ மாத்துங்க, டூல்பேக் கொடுத்த சராசரி அப்படியே அசையாம கிடக்கும். அதுல ஃபார்முலா கிடையாது, வெறும் எண்ணை எழுதிட்டுப் போயிடும். நான் எதுக்காக ஷீட்டைத் திறக்கறேனோ அதையே அது மூடி வெச்சுடுது.

இப்போ எஸ்.டி. எப்படி நடத்துறேன்னு சொல்றேன். அதே அஞ்சு மார்க். ஏ காலத்துல 42, 55, 61, 48, 74. கீழ ஒரு செல்லுல சராசரி, 56. பி காலத்துல மார்க்குலேர்ந்து சராசரியைக் கழிக்கணும். முதல் செல்லுல ஃபார்முலா போட்டு, மூலையைப் பிடிச்சுக் கீழ இழுக்கணும்.

எப்பவும் பாதி வகுப்பு இங்க ஒரு தடவை விழும். முதல் வரியில -14 சரியா வரும். அதுக்குக் கீழ 55, 61, 48, 74ன்னு மார்க்கே திரும்ப வந்து நிக்கும். நான் வாயைத் திறக்க மாட்டேன். "பி காலத்தைக் கூட்டுங்க"ன்னு மட்டும் சொல்லுவேன். 224 வரும். சராசரியிலேர்ந்து விலகுற தூரத்தை எல்லாம் கூட்டினா 0 வரணும்னு போன வகுப்புலதான் கரும்பலகையில நிரூபிச்சோம். வரலையே?

அப்போதான் செல்லைத் தட்டிப் பாப்பாங்க. கீழ இழுக்க இழுக்க, சராசரி இருக்கற செல்லோட முகவரியும் கூடவே கீழ இறங்கிப் போயிருக்கும். அங்க ஒண்ணுமில்ல, காலி செல். 55லேர்ந்து காலியைக் கழிச்சா 55தானே. எஃப் 4 தட்டி டாலர் குறி போட்டு முகவரியைக் கட்டிப் போட்டதும் -14, -1, 5, -8, 18. கூட்டினா 0. கைதட்டல்! (நிஜமாவே ஒரு வருஷம் கைதட்டினாங்க.)

நிரூபணம்ங்கறது பரீட்சைக்கு மட்டும் இல்ல, தன் வேலையில தப்பு இருக்கான்னு கண்டுபிடிக்கறதுக்கும்தான்னு பிள்ளைங்களுக்கு முதல் தடவையா தெரியறது அந்த இடத்துலதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

(சில எண்களுக்கு 0க்குப் பதிலா, கடைசியில ஈ-14னு முடியிற ஒரு விசித்திர எண் வரும். பயந்துடுவாங்க. புள்ளிக்கு அப்புறம் 13 சைபர் தாண்டி ஒட்டிக்கிட்டு இருக்கற துணுக்கு அது. கம்ப்யூட்டர் எண்களை ரெண்டின் அடுக்கா வெச்சுக்கறதால வர்றது. 0ன்னே எடுத்துக்கலாம்.)

சி காலத்துல வர்க்கம்: 196, 1, 25, 64, 324. கூட்டினா 610. நாலால வகுத்தா 152.5, வர்க்கமூலம் எடுத்தா 12.35. கடைசியா, கடைசியாத்தான், எஸ்டிடெவ்.எஸ் ஃபங்ஷனைப் போடச் சொல்லுவேன். அதே 12.35. பழைய சிநேகிதியைப் பாத்த மாதிரி சிரிப்பாங்க.

அடுத்தது விளையாட்டு. 74ஐ 740ன்னு மாத்துங்க. டைப் பண்ணும்போது ஒரு சைபர் கூட விழுந்துச்சுன்னு வெச்சுக்கோங்க, மார்க் என்ட்ரி போடுற இடத்துல சாதாரணமா நடக்கறதுதான். சராசரி 189.2க்குப் போயிடும். நூத்துக்கு நடக்கற தேர்வுல 189! நாலு பேர் அதுக்கு ரொம்பக் கீழ, ஒருத்தர் எங்கயோ மேல. இடைநிலையைப் பாருங்க. 55. முன்னாடியும் 55தான். "மீடியன் அசையவே இல்ல மேம்"னு யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க. நான் சொல்ல வேண்டியதே இல்லாமப் போயிடும்.

சரி, ஆப்சென்ட் ஆனவங்களை என்ன பண்றது?

நம்ம ஊர் மார்க் ஷீட்டுல ஆப்சென்ட்டுக்கு ஏபி போடுவோம். ஆறாவதா ஒரு பையன், தேர்வுக்கு வரலை. ஏபின்னு போட்டா சராசரி 56ஏ, ஏன்னா ஆவரேஜ் ஃபங்ஷன் எழுத்தைக் கண்டுக்கறதில்ல. காலியா விட்டாலும் 56. சைபர் போட்டா 46.67. ஆவரேஜ்ஏன்னு இன்னொரு ஃபங்ஷன் இருக்கு, அது ஏபியையும் சைபரா எண்ணிக்கும், அதுலயும் 46.67. மூணுல எது சரி?

இதுக்குப் பதில் கணக்குல இல்லீங்க, கேள்வியில இருக்கு. "தேர்வு எழுதினவங்க எப்படி எழுதினாங்க?"ன்னா 56. "இந்த வகுப்புக்கு மொத்தமா எவ்ளோ மார்க் சேந்துச்சு, ஆளுக்கு எவ்ளோ?"ன்னா 46.67. எதைக் கேக்கறோம்னு தெரியாம எண்ணைச் சொல்லக் கூடாது. இதை எந்த யூனிட்டுலயும் எழுதி வெக்கலை. ஆனா ஒரு காலி செல்லு முன்னாடி உக்காந்து கை தயங்கும்போதுதான் புள்ளியியலே ஆரம்பிக்குதுன்னு எனக்குத் தோணும்.

நம்ம பஸ் பொண்ணு ஷீட்டுலயும் இதே வந்துச்சு. 52 பேர்ல 9 பேர் ஹாஸ்டல். அவங்களுக்கு பஸ் நிமிஷம் 0ன்னு போட்டிருந்தா. "0 நிமிஷம் பஸ்ல வர்றதும், பஸ்லயே வராததும் ஒண்ணாம்மா?" ரொம்ப நேரம் யோசிச்சா. கடைசியில அந்த 9 செல்லையும் காலி பண்ணிட்டா.

இன்னொரு விஷயம், எஸ்.டி.யில ஏன் அஞ்சால வகுக்காம நாலால வகுக்கறோம்? என்-மைனஸ்-ஒன். எல்லா வருஷமும் கேக்கற கேள்வி. கரும்பலகையில எதிர்பார்ப்பு மதிப்பு எல்லாம் போட்டு நிரூபிக்கலாம், நிரூபிச்சும் இருக்கேன். நம்புவாங்க, ஆனா உணர மாட்டாங்க.

இப்போ பகடை வெச்சு நடத்துறேன். ஆறு முகம் இருக்கற பகடை. ரேண்ட்பிட்வீன் ஃபங்ஷன்ல 1, 6ன்னு கொடுத்தா ஒரு தடவை உருட்டின மாதிரி. ஒரு வரிசைக்கு மூணு உருட்டு. ஆயிரம் வரிசைக்குக் கீழ இழுத்துடணும். நாலாவது காலத்துல மூணால வகுத்த பரவற்படி, அஞ்சாவதுல ரெண்டால வகுத்தது. மேல ரெண்டு காலத்துக்கும் சராசரி. பகடையோட உண்மையான பரவற்படி நமக்குத் தெரியும்: 35ஐ 12ஆல வகுத்தா 2.92.

இப்போ எஃப் 9 தட்டுங்க. மறுபடியும் ஆயிரம் தடவை உருளும். மூணால வகுத்த காலம் 1.9, 1.98, 1.93ன்னு சுத்திச் சுத்திக் கீழயே இருக்கும். ரெண்டால வகுத்த காலம் 2.9ஐச் சுத்தியே ஆடும். மறுபடி தட்டுங்க, மறுபடி. ஒரு தடவை கூட மூணால வகுத்த காலம் உண்மையை எட்டாது. (போன்ல எஃப் 9 இல்லன்னு கவலை வேண்டாம். கூகுள் ஷீட்ஸ்ல ஏதாவது ஒரு காலி செல்லுல எதையாவது டைப் பண்ணினாப் போதும், எல்லாம் மறுபடி உருண்டுடும்.)

இதைப் பண்ணும்போதெல்லாம் வில்லியம் கோசெட்டைப் பத்திச் சொல்லாம இருக்க முடியாது என்னால. டப்ளின்ல கின்னஸ் மதுபான ஆலையில வேலை பாத்தவர். 1908ல "ஸ்டூடன்ட்"ங்கற புனைபேர்ல அவர் எழுதின கட்டுரையிலேர்ந்துதான் நாம இன்னிக்கும் போடுற டி-டெஸ்ட் வந்துச்சு. சின்ன சாம்பிள் எப்படி நடந்துக்கும்னு சோதிக்க, 3000 கைதிகளோட உயரத்தையும் இடது கை நடுவிரல் நீளத்தையும் 3000 அட்டைத் துண்டுல எழுதி, நல்லா குலுக்கி, நாலு நாலா பிரிச்சு 750 சாம்பிள் எடுத்தாரு. ஒவ்வொண்ணுக்கும் சராசரியும் எஸ்.டி.யும் கணக்குப் போட்டாங்க. நினைச்சுப் பாருங்க, 750 தடவை!

நம்ம பிள்ளைங்க கையில இப்போ எஃப் 9 இருக்கு. கோசெட் கதையைச் சொல்லிட்டு அந்தக் கீயைத் தட்டச் சொன்னா, அதுக்கு ஒரு மரியாதை வந்துடுது.

ஷீட்டுல எல்லாமே இப்படி இனிப்பாப் போகுமான்னா, இல்ல. சில இடத்துல அது நம்மளை நல்லா சறுக்கி விடும்.

நார்மல் கர்வ் வரையறப்ப ஒவ்வொரு வருஷமும் ஒரு கூத்து. -3லேர்ந்து 3 வரைக்கும் எண்களைப் போட்டு, எக்ஸ்போனென்ஷியல் ஃபங்ஷனுக்குள்ள மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் பை டூ. புத்தகத்துல இருக்கற மாதிரியே டைப் பண்ணுவாங்க. வரைபடம் போட்டா மணி வராது. கிண்ணம் வரும்! நடுவுல 1, ரெண்டு ஓரத்துலயும் 90.

எங்க தப்பு? ஒரு செல்லுல =-2^2 அடிச்சுப் பாருங்க. கணக்கு நோட்டுல அது -4. ஷீட்டுல 4. எக்செல் முதல்ல மைனஸை 2கூட ஒட்டிட்டு, அப்புறம்தான் வர்க்கம் எடுக்கும். அடைப்புக்குறி போட்டு வர்க்கத்தைத் தனியா கட்டிட்டு, அதுக்கு வெளியில மைனஸ் போட்டாத்தான் மணி வரும். இதை முன்கூட்டியே சொல்லித் தடுக்கலாம்தான். நான் தடுக்கறதில்ல. கிண்ணத்தைப் பாத்ததும் "இது நார்மல் இல்லயே"ன்னு சொல்ற பிள்ளைக்கு நார்மல் கர்வ் என்னன்னு தெரிஞ்சிருச்சு. கிண்ணத்தை அப்படியே பிரின்ட் எடுத்துட்டு வர்ற பிள்ளைகிட்டத்தான் நான் இன்னொரு தடவை உக்காரணும்.

கால்மானத்துலயும் ஒரு சிக்கல். நம்ம புத்தகத்துல முதல் கால்மானம்னா என் பிளஸ் 1 பை 4ஆவது உறுப்பு. அஞ்சு மார்க்குக்கு ஒன்றரையாவது உறுப்பு, 42க்கும் 48க்கும் நடுவுல, 45. ஷீட்டுல குவார்ட்டைல்னு போட்டா 48 வரும். "புத்தகம் தப்பா மேம், கம்ப்யூட்டர் தப்பா?" ரெண்டும் தப்பில்ல, ரெண்டு விதமா எண்றாங்க. 2010 எக்செல்லேர்ந்து குவார்ட்டைல்.எக்ஸ்க்னு தனியா ஒண்ணு இருக்கு, அது நம்ம புத்தக முறை, 45 கொடுக்கும். தேர்வுல எந்த முறைன்னு எழுதிட்டு விடை எழுதச் சொல்லியிருக்கேன்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒண்ணு. நம்ம பாடப்புத்தகத்துல எஸ்.டி.க்கு ஒரு குறுக்கு வழி உண்டு: வர்க்கங்களோட கூட்டல்லேர்ந்து, கூட்டலோட வர்க்கத்தை என்-ஆல வகுத்துக் கழிக்கறது. கையால போடறதுக்கு அருமையான வழி. அந்த அஞ்சு மார்க்கோடயும் நூறு கோடியைக் கூட்டிட்டு அதே வழியில ஷீட்டுல போட்டுப் பாருங்க. எஸ்.டி. மாறக் கூடாது, எல்லாமே ஒரே அளவுதானே நகர்ந்துச்சு? ஆனா 610 வர வேண்டிய இடத்துல என்னமோ குப்பை வரும். ஷீட்டு ஒரு எண்ணுல சுமார் 15 இலக்கம்தான் வெச்சுக்கும். நூறு கோடியோட வர்க்கத்துக்கு 19 இலக்கம் வேணும். நமக்கு வேண்டிய 610 அந்தத் தொலைஞ்ச இலக்கத்துலதான் இருந்துச்சு. 2003க்கு முன்னாடி வந்த எக்செல்லே இந்தக் குறுக்கு வழியிலதான் எஸ்.டி. போட்டுக்கிட்டு இருந்துச்சு, 2003லதான் மாத்தினாங்க. விலகலை முதல்ல எடுத்து அப்புறம் வர்க்கம் எடுக்கற நம்ம மூணு காலம் முறை இருக்கே, அது இதுலயும் 12.35 கொடுக்கும்.

கையால போடறப்ப நல்ல வழி, கம்ப்யூட்டர்ல நல்ல வழியா இருக்கணும்னு இல்ல. இந்த ஒரு சோதனைக்காகவே நான் ஒரு முழு லேப் வகுப்பு ஒதுக்குறேன்.

சக ஆசிரியர்கள் கேப்பாங்க, "எதுக்கு மேடம் எக்செல்? நேரா ஆர் மொழி சொல்லிக்கொடுத்துடலாமே, வேலைக்கும் அதைத்தானே கேக்கறாங்க." நியாயம்தான். ரெண்டாவது வருஷத்துலேர்ந்து நானும் ஆர்தான் நடத்துறேன். பெரிய டேட்டாவுக்கு, செஞ்ச வேலையை இன்னொருத்தர் படிச்சு சரிபாக்கறதுக்கு ஷீட்டு பத்தாது. ஷீட்டுல ஃபார்முலா எல்லாம் செல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும், தப்பு நடந்தா கண்ணுல படாது.

அதுக்கு ஒரு நிஜக் கதை இருக்கு, முதல் வருஷப் பிள்ளைங்களுக்குக் கண்டிப்பா சொல்லுவேன். 2010ல கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரு நாட்டோட கடன் அதோட உற்பத்தியில 90 சதவீதத்தைத் தாண்டினா வளர்ச்சி படுத்துடும், சராசரி -0.1 சதவீதம்னு. செலவைக் குறைக்கணும்னு சொன்ன அரசியல்வாதிங்க பல பேர் இதை மேற்கோள் காட்டினாங்க. 2013ல ஆம்ஹர்ஸ்ட்ல மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புல கொடுத்த வேலைக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டாரு. வரவே இல்ல. கட்டுரை எழுதினவங்ககிட்டயே கேட்டு ஷீட்டை வாங்கிப் பாத்தா, சராசரி எடுக்கற ஃபார்முலா 44ஆவது வரிசையோட நின்னு போயிருக்கு. 49 வரைக்கும் போயிருக்கணும். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க், அஞ்சு நாடு வெளியில!

இந்தத் தப்பு மட்டுமே எல்லாத்துக்கும் காரணம் இல்ல. சில வருஷத்து டேட்டாவை விட்டதும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும் இன்னும் பெரிய வித்தியாசம். எல்லாத்தையும் திருத்தினப்ப அவருக்கு வந்தது 2.2 சதவீதம். ஆனா என் பிள்ளைங்க மனசுல ஒட்டறது அந்த 44ஆவது வரிசைதான். அன்னிலேர்ந்து ஃபார்முலா செல்லை ரெண்டு தடவை தட்டி, எது வரைக்கும் நீலக் கட்டம் போகுதுன்னு பாக்காம யாரும் விடை சொல்றதில்ல. கண்டுபிடிச்சது ஒரு மாணவர்ங்கறதும் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

எண்ணை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு ஆன்ஸ்கோம்ப் காட்டினதையும் சொல்லிடறேன். 1973ல ஃப்ரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் நாலு சின்ன டேட்டா செட் கொடுத்தாரு, ஒவ்வொண்ணுலயும் 11 ஜோடி. நாலுலயும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, கோரிலேஷன் 0.816. வரைபடம் போட்டாத்தான் தெரியும், நாலும் நாலு விதம். நாலாவது செட்டுல பத்து எக்ஸ் எண்ணும் 8தான், ஒண்ணு மட்டும் 19. அந்த ஒரு வரிசையை அழிக்கச் சொல்லுவேன். 0.816 இருந்த இடத்துல பூஜ்யத்தால வகுத்த பிழைன்னு வந்து நிக்கும்! அந்த ஒரே ஒரு புள்ளி மேலதான் மொத்த கோரிலேஷனும் உக்காந்திருந்துச்சு. (வரையும்போது ஸ்கேட்டர் சார்ட்டைத் தேர்ந்தெடுங்க. லைன் சார்ட்டைத் தொட்டா எக்ஸ் எண்களை வெறும் பேரா எடுத்துக்கிட்டு சம இடைவெளியில அடுக்கிடும்.)

எனக்கு இருக்கற ஒரே வருத்தம், செமஸ்டர் தேர்வு இன்னமும் பேப்பர்ல, கால்குலேட்டரோட. லேப்ல டேட்டாவோட பேசக் கத்துக்கிட்ட பிள்ளை, ஹால்ல அஞ்சு எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்துக்கிட்டு இருக்கும். கையால போடறது வேணும், அதை நான் விடச் சொல்லலை. ஆனா ஒரு கேள்வியாவது "இந்த ஷீட்டுல என்ன தப்பு, கண்டுபிடி"ன்னு கேக்கலாம். பாடத்திட்டக் கூட்டத்துல ரெண்டு தடவை சொல்லிட்டேன். மறுபடியும் சொல்லுவேன்.

லேப்ல இப்போ ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். எந்த ஷீட்டா இருந்தாலும் முதல் காலம் வரிசை எண். எப்படிக் கலைஞ்சாலும், கூடவே அதுவும் நகர்ந்திருந்தா அதை வெச்சுப் பழையபடி அடுக்கிடலாம். அப்புறம், கேட்டு எழுதின டேட்டா ஒரு தனி ஷீட்டுல இருக்கும், அதுல யாரும் கை வெக்கக் கூடாது. பஸ் பொண்ணு அன்னிக்குத் தப்பிச்சது அந்தத் தனி ஷீட்டாலதான்.

அங்கிருந்து மறுபடி எடுத்து, 9 ஹாஸ்டல் பிள்ளைங்களைக் காலியா விட்டு, 43 ஜோடிக்குக் கணக்குப் போட்டா. -0.21.

"இவ்ளோதானா மேம்?"

டி மதிப்பு போட்டுப் பாத்தோம். -1.38. 5 சதவீத அளவுல 2.02ஐத் தாண்டணும், தாண்டலை. பஸ் நேரத்துக்கும் மார்க்குக்கும் சம்பந்தம் இருக்குன்னு இந்த 43 பேரை வெச்சுச் சொல்ல முடியாதும்மான்னு சொன்னேன். முகம் தொங்கிப் போச்சு. ஒரு வாரம் ஒவ்வொருத்தரா கேட்டு எழுதின பொண்ணு.

நேத்து காலையில ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னா. கையில அதே ஷீட்டோட பிரின்ட், பேனாவால ஓரத்துல புதுசா ஒரு காலம் கோடு போட்டிருந்தா.

"மேம், ஒன்றரை மணி நேரம் உக்காந்துட்டு வர்றதும் நின்னுட்டு வர்றதும் ஒண்ணு இல்லல்ல? உக்காந்தா பஸ்லயே படிக்கலாம். திங்கக்கிழமைலேர்ந்து எல்லார்கிட்டயும் சீட் கிடைச்சுதான்னு கேக்கப் போறேன். சில பேருக்குப் பாதி வழியில கிடைக்கும் மேம். அவங்களுக்கு 1 போடட்டுமா, 0 போடட்டுமா?"